பாடைவெள்ளி

அன்றைக்கு மதுரையில் நாடகப் படுதா எழுதுகிறவர்களில் ஆசீர்வாதம் நல்ல கைகாரர். தர்பார், நந்தவனம், கைலாசம், கடைத்தெரு என்று அவர் எழுதாத சீன் இல்லை. அவர் எழுதின ஜெயிலைப் பார்த்துவிட்டு, இதில் குடித்தனமே வைக்கலாம் போலிருக்கிறதே என்று கம்பெனிக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் நோட்டீசில் அவர் பெயர் வராது. ராஜபார்ட் பெயர் வரும், ஸ்திரீபார்ட் பெயர் வரும், கொட்டகையில் சோடா விற்கிறவன் பெயர்கூட ஒரு மூலையில் வரும். படுதா என்னவோ தானாக முளைத்தது மாதிரி விட்டுவிடுவார்கள். இந்தக் குறையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

வீடு சிம்மக்கல்லில், ஆற்றை ஒட்டிய ஒரு வளவில் இருந்தது. ஒரே முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மனைவி விக்டோரியா கல்யாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். மூன்றாவது ஒரு வாரம் உயிரோடு இருந்தது. அதை ஆஸ்பத்திரித் தொட்டிலில் போட்டிருந்தார்கள். நாலு மரக்கால், மேலே வளைவாகக் கொசுவலை, ஆட்டுவதற்கு ஒரு கயிறு. ஆசீர்வாதம் அந்த ஒரு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தொட்டில் என்றால் அந்தத் தொட்டில்தான்.

இப்போது அவள் நாலாவதாக உண்டாகியிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தும் வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பேசினால் எதன் காதிலாவது விழுந்துவிடும் என்கிற மாதிரி நடந்துகொண்டார்கள்.

கள்ளுக்கடை மறியல் மும்முரமாக இருந்த வருஷம் அது. கம்பெனி முதலாளி சுப்பராமன் புது நாடகம் ஒன்று எழுதியிருந்தார். அவரே பாட்டும் சொல்லிக்கொடுப்பதால் எல்லாருக்கும் அவர் வாத்தியார். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு நாடு, அங்கே ஒரு ராணி, பிள்ளை இல்லாமல் தவமிருந்து பிள்ளை பெறுகிறாள் என்று கதை.

"யோவ் ஆசீர்வாதம், அது வேற உலகமய்யா. அங்க சந்திரனே கெடையாது. நம்ம ஊரு வானத்தத் தூக்கி அங்க மாட்டிப்புடாத. கார்த்திகை ஆறாங்கூட்டம், ஏழு ரிஷின்னு எதையாச்சும் வச்சேன்னு வையி, தரை டிக்கெட்டுக்காரன் எந்திரிச்சுக் கேள்வி கேப்பான்."

"பெறகு என்னத்த வைக்கிறது வாத்தியாரே?"

"ராணி தாலாட்டுற சீன். வானத்துல அந்த நாட்டுக்குன்னு ஒரு வெள்ளிக் கூட்டம் வேணும். நீயே ஒண்ணப் படைச்சுக்க."

படைச்சுக்க என்ற வார்த்தை ஆசீர்வாதத்தைக் கிறங்கடித்துவிட்டது. ஆண்டவர் நாலாம் நாள் நட்சத்திரங்களைப் படைத்தாரே, அந்த வேலையை இந்த மனுஷன் என்னைச் செய்யச் சொல்கிறாரே என்று நினைத்தார். பயமும் இருந்தது, ஆசை அதைவிட இருந்தது. காடாத் துணியில் வஜ்ரப் பசை கலந்து கருநீலம் பூசினார். காய்ச்சின கம்பியால் ஓட்டைகள் போட்டு, பின்பக்கம் எண்ணெய்க் காகிதம் ஒட்டினார். படுதாவுக்குப் பின்னால் காஸ் விளக்கைப் பிடித்தால் ஓட்டைகள் வெள்ளிகளாகி மினுங்கும், விளக்கை ஆட்டினால் வானமே ஆடும். நாலு மூலைக்கு நாலு பெரிய வெள்ளி, மேலே வளைவாகப் பொடிப்பொடியாக ஒரு வரிசை, முன்பக்கம் கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு சிவந்த வெள்ளி. அது ஆட்டுகிறவர் கையில் இருக்கும் கயிற்று நுனி. ஏழாங்கடல் நாட்டின் தொட்டில் மீன் என்று வாத்தியார் அதற்குப் பெயர் வைத்தார், அதை ராணியின் பாட்டிலும் சேர்த்துவிட்டார்.

புது நாடகத்தை வாத்தியார் முதலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும் என்று போடுவார். பெண்கள் அழுதால் ஓடும், அழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அவர் சித்தாந்தம். கொட்டகையைச் சுற்றிச் சாக்கைக் கட்டிப் பகலை இருட்டாக்கிவிடுவார்கள். விக்டோரியா பக்கத்து வீட்டு ராமக்காளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணமான நாளாக அவள் புருஷனுடைய நாடகம் எதற்கும் வந்ததில்லை. அன்றைக்கு அவரே வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தார். வந்தவள், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம், வானம் வரும் பாருங்க, எங்க வீட்டுக்காரர் எழுதினது என்று சொல்லிவைத்தாள். பெருமையாக எதையும் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

ராணி பிள்ளையை மடியில் வைத்துத் தாலாட்டு எடுத்தாள். ஆசீர்வாதம் படுதாவுக்குப் பின்னால் நின்று விளக்கைத் தூக்கினார். சபையில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொருத்தி. சீன் எடுபட்டுவிட்டது என்று அவருக்குத் தெம்பு வந்தது. விளக்கை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினார். அந்த விசும்பல் பெருகி, நடுவிலிருந்து ஒரு கிழவியின் குரல் ராகம் பிடித்து எழுந்தது. அது தாலாட்டு இல்லை என்று தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. கொட்டகை முழுக்க ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாரில் அடித்துக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது.

விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். ராமக்காள் விக்டோரியாவின் முகத்தைத் தன் முந்தானையால் மூடி, ஒரு கையால் அவள் வயிற்றை மறைத்துக்கொண்டு கூட்டி வந்தாள்.

"என்னாண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக! பாடையப் போயி வானத்துல எழுதி வச்சிருக்கீகளே!"

"பாடையா? தொட்டிலும்மா அது."

"தொட்டிலுக்கு ஏதுண்ணே நாலு காலு? எந்த வீட்டுல தூளி நாலு காலுல நிக்கிது? நாலு மூல, மேல பூப்பந்தல், முன்னால ஒருத்தன் கொள்ளிச்சட்டி தூக்கிட்டுப் போறான், அதுவும் அசைஞ்சு அசைஞ்சு! புள்ளயப் பறிகொடுத்தவளுக எத்தன பேரு உக்காந்திருக்காளுக. அவளுகளால எப்பிடிண்ணே தாங்க முடியும்?"

ஆசீர்வாதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கிறிஸ்தவர்களான அவர் ஜனத்தில் சாவுக்குப் பெட்டிதான், பாடை கட்டுகிற வழக்கமில்லை. ஊரில் மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் விட்டத்தில் கட்டின பழஞ்சேலைத் தூளியில் தூங்கின. ஒரு கொட்டகை ஜனம் பார்த்தது அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் படாமல் போனதற்கு வேறு காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்து விக்டோரியா சேலையை மாற்றிக்கொண்டு முகம் கழுவினாள். பிறகு சொன்னாள்: "அத எடுத்துருங்க."

"நீயாச்சும் நம்பும்மா. நம்ம மூணாவது கெடந்துச்சே, அந்தத் தொட்டில்..."

"எதுவா இருந்தா என்னங்க? வயித்துக்காரிய நடுவுல உக்கார வச்சு ஊரே ஒப்பாரி பாடிருக்கு. எடுத்துருங்க."

எடுத்துவிட வேண்டும் என்றுதான் அவர் மறுநாள் போனார். வாத்தியார் அவரைக் கட்டிக்கொண்டார். "அழுதுட்டாளுகய்யா! என் ஆயுசுல இப்பிடி ஒரு அழுகையக் கேட்டதில்ல. இத எடுக்கவாவது!" என்று குதித்தார். கதையை அன்றைக்கே மாற்றிவிட்டார். ராணியின் பிள்ளை செத்துப்போகும், வானத்தில் அதற்குப் பாடை வரும். புது நோட்டீசில், காணத் தவறாதீர்கள் பாடைவெள்ளி என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே, சீன் சித்திரம் ஆசீர்வாதம் என்றும் போட்டிருந்தார். ஆசீர்வாதம் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், பிரசவத்துக்குள் எடுத்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுஷனுக்குப் புகழ் மேல் இருக்கிற சபலத்துக்கு எந்த மருந்தும் இல்லை.

வீட்டில், எடுத்துட்டேன் என்றார். விக்டோரியா அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்தப் பொய் அதிக நாள் நிற்கவில்லை. ஜட்கா வண்டியில் பாண்டு அடித்துக்கொண்டு வளவு வாசலிலேயே வந்து நோட்டீஸ் வீசினார்கள். அவள் ஒன்றை எடுத்துவைத்திருந்து, அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். அவர் பெயரையும் வாசித்தாள். வாசித்து முடித்து ரசம் ஊற்றினாள். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் ஆசீர்வாதம் பிழைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ராமக்காளிடம் கேட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறந்து, வளவே கேட்கும்படி அழுதது. ஆசீர்வாதம் முழங்காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார். ராமக்காள் ஒரு முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து விக்டோரியாவின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நிலைக்காத வீடுகளில் ஜனங்கள் செய்கிற காரியம் அது. பெற்றவள் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அற்பத் தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன் சீந்த மாட்டான். தேடி வந்தாலும் அது வேறு வீட்டுப் பிள்ளை.

"நாம வேதக்காரங்க விக்டோரியா. கோயில்ல சாமியாருக்குத் தெரிஞ்சா..."

"மூணு தடவையும் வேதக்காரங்களாத்தான இருந்தோம்?"

பிள்ளையை ராமக்காள் தூக்கிக்கொண்டாள். விக்டோரியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

எல்லாரும் விளையாட்டுச் சடங்காகத்தான் செய்வார்கள், மறுநாளே பிள்ளை தாய்மடிக்கு வந்துவிடும். விக்டோரியா அதை விளையாட்டாகச் செய்யவில்லை. ராமக்காளின் கடைசி மகன் அப்போதுதான் பால் மறந்துகொண்டிருந்தான். பாலையும் அவளே கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். கோயிலில் ஆனிமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். வளவில் தவிடு என்றே கூப்பிட்டார்கள். பேச ஆரம்பித்ததும் ராமக்காளை ஆத்தா என்றது. ராமக்காளுக்கு ஆசீர்வாதம் அண்ணன் முறை, ஆகவே ராமக்காள் பிள்ளைகளுக்கு விக்டோரியா அத்தை. தவிடுக்கும் அத்தைதான். அந்த வார்த்தையை விக்டோரியாவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். "அத்தை சொல்லு. அத்... தை." பிள்ளை திருத்தமாகச் சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி திண்டுக்கல், திருச்சி என்று சுற்றிக்கொண்டு கொழும்புக்கே போனது. படுதாவும் கூடவே போனது. ஆசீர்வாதம் போகவில்லை. கடைகளுக்குப் போர்டு எழுதினார், தேர்த் திருவிழாவுக்கு இறக்கை வைத்த சம்மனசுப் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தார். அவ்வப்போது விக்டோரியா கேட்பாள்: "அது இன்னும் எரியுதா?"

"இல்லம்மா, மாத்திட்டாங்களாம்."

"முன்னாடியும் இப்பிடித்தான் சொன்னீங்க."

எங்கேயோ ஒரு ஊரில் அந்த விளக்கை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் பிள்ளை தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. அவர் ஒரு பொய் சொல்லாமல் இருந்திருந்தால், இப்போது சொல்கிற வார்த்தையை அவள் நம்பியிருப்பாள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிள்ளைமேல் ஆசை இல்லாமல் இல்லை. மிச்சத் துணியில் கவுன் தைத்து ராமக்காள் கையில் கொடுப்பாள். கிணற்றடியில் தவிடு விழுந்தால் கை தானாக நீளும். பாதியில் நிறுத்திக்கொண்டு, "ராமக்கா, ஒம் புள்ள விழுந்துட்டா" என்று குரல் கொடுப்பாள். ஆசீர்வாதம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தூரிகை கழுவுவார். பெற்ற மகள் அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

பேசும் படம் வந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஒருநாள் காசிமாயன் வளவுக்கு வந்தான். கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவன். கன்னம் ஒட்டிப்போய், சட்டை கிழிந்து, அடையாளமே தெரியவில்லை. வாத்தியார் காலமாகிவிட்டார், கம்பெனி கலைந்துவிட்டது என்றான். விக்டோரியா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"அந்தப் படுதா?"

"வைக்கோல் வண்டிக்கு மூடாப்புக்குக் குடுத்துட்டோம் மதினி. நானேதான் நாலாக் கிழிச்சேன்."

"கண்ணால பாத்தியா?"

"என் கையால கிழிச்சேங்கிறேன்!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்து அழுகையும் அன்றைக்கு வந்தது. ஆசீர்வாதமும் அழுதார். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று பைத்தியக்கார மனுஷன் சத்தியமாக நம்பினார்.

தவிடு அப்போது ராமக்காளின் பையன்களோடு முற்றத்தில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். விக்டோரியா தன் தலையை வாரி, முகம் துடைத்து, கையை நீட்டிக் கூப்பிட்டாள். "இங்க வாத்தா. என்னைய அம்மான்னு கூப்பிடு."

பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "அத்தைக்குக் கிறுக்குடா!" என்று சிரித்தது.

மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். மிட்டாய் கையில் இருக்கிற வரைக்கும் அம்மா என்றது. வாயில் போட்டதும் அத்தை ஆகிவிட்டது. பக்கத்தில் படுக்க வைத்தால் விடிவதற்குள் ராமக்காள் வீட்டில் கிடந்தது. ராமக்காளும் தன்னால் ஆனதைச் செய்தாள்; அவதான்டி ஒன்னப் பெத்தவ என்று சொன்னால், ஆத்தா பொய் சொல்லுது என்று அவள் கழுத்தையே கட்டிக்கொண்டது.

இந்த நிலையில் ராமக்காளின் புருஷன் சின்னக்கருப்பனுக்கு வாடிப்பட்டியிலிருந்து தகவல் வந்தது. அண்ணன் இறந்துபோனார், காட்டைப் பார்க்க ஆள் இல்லை, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும். ராமக்காள் சாமான்களைக் கட்டினாள். கண் சிவந்திருந்தது. "ஒங்க புள்ளண்ணே. ஒங்ககிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் வண்டி ஏறுவேன்" என்றாள்.

விற்ற பிள்ளையை மீட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அன்று வாங்கின தவிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வண்டி வாசலில் நின்றது. விக்டோரியா குளித்து, நல்ல சேலை கட்டி, ஒரு முறம் நிறையத் தவிட்டோடு முற்றத்துக்கு வந்தாள். முகம் கல்யாணப்பெண் முகமாக இருந்தது. ராமக்காள் குனிந்து முறத்தை வாங்கிக்கொண்டு, தவிடின் கையைப் பிடித்து விக்டோரியாவின் கையில் வைத்தாள்.

பிள்ளை தவிட்டைப் பார்த்தது, தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது, சாமான் ஏற்றின வண்டியைப் பார்த்தது. சேட்டை பண்ணினால் தவிட்டுக்கு வித்துப்புடுவேன் என்பது வளவில் எல்லாத் தாயும் பிள்ளைகளை மிரட்டுகிற வார்த்தைதான். ராமக்காளும் தினம் சொன்னதுதான். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் ராமக்காளின் காலைக் கட்டிக்கொண்டது.

"ஆத்தா, வித்துராத ஆத்தா! நான் இனிமே சேட்ட பண்ண மாட்டேன். அண்ணன அடிக்க மாட்டேன். கஞ்சி மட்டும் குடிச்சுக்கிறேன். என்னைய அத்தைக்கு வித்துராத ஆத்தா!"

ராமக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆசீர்வாதம் பிள்ளையைப் பிரித்தெடுக்க ஓரடி எடுத்துவைத்தார்.

"விடுங்க" என்றாள் விக்டோரியா.

அவள் முறத்தை ராமக்காள் கையிலிருந்து திருப்பி வாங்கினாள். பிள்ளைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். "யாரும் ஒன்ன விக்கலத்தா. மாட்டுக்குத் தவிடு போதுமான்னு காட்டுனேன். அம்புட்டுத்தான். நீ ஆத்தாகூடப் போ."

"நெசமாவா?"

"நெசமா."

ஆசீர்வாதம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். விக்டோரியா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இதில் பேச உனக்கு என்ன பாத்தியதை என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு, எடுத்துவைத்த அடியைப் பின்னால் வைத்தார்.

தவிடு மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறி, ராமக்காள் ஏறுகிற வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அசைந்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, மரியாதைக்காரப் பிள்ளையாகக் கையை ஆட்டினாள்.

"போயிட்டு வாரேன் அத்தே!"

விக்டோரியா தவிட்டு முறத்தை இடுப்பில் அணைத்தபடி, "போயிட்டு வாத்தா" என்றாள்.